மூன்று ரிக்கெட் புத்தகமும் ஒரு பொக்கற்றும்: சங்கங்கள் சேர்ந்து நிதி சேர்ப்பது எப்படி?

நல்லூரில் கொடியேறி நாலைந்து நாள் போனால் யாழ்ப்பாணத்தில் இரண்டு வகை ஆட்களைக் காணலாம். விடுமுறைக்கு வந்த கனடா, லண்டன், சுவிஸ் உறவுகள் ஒரு வகை. அவர்களைத் தேடி ரிக்கெட் புத்தகத்தோடு வீடு வீடாகத் திரியும் எங்களைப் போன்ற சங்கக்காரர் மற்ற வகை.

நான் ஒரு சனசமூக நிலையத்தின் பொருளாளர். சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவரின் வீட்டுக்குப் போனேன். விறாந்தை மேசையில் ஏற்கனவே இரண்டு அழைப்பிதழ்கள் கிடந்தன. ஒன்று பழைய மாணவர் சங்கத்தின் இசை மாலை. மற்றது முதியோர் இல்லம் ஒன்றுக்கான இராப்போசனம். மூன்றாவதாக நான், முன்பள்ளிக் கூரைக்காக. அண்ணை கோபிக்கவில்லை. தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மூண்டு பேரும் நல்ல காரியத்துக்குத்தான் வாறியள். எனக்கு இருக்கிறது ஒரு பொக்கற். நீங்கள் மூண்டு பேரும் ஒருக்கா இருந்து கதைச்சிட்டு வரேலாதோ?”

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. இலாப நோக்கில்லாத இரண்டு மூன்று அமைப்புகள் ஒரே முயற்சியாகக் காசு சேர்த்து, முன்கூட்டியே பேசியபடி பிரித்துக்கொள்வதைக் கூட்டு நிதி சேகரிப்பு என்று சொல்லலாம். ஒரு நிகழ்ச்சி, ஒரு வேண்டுகோள், ஒரு கணக்கு, பல பயனாளிகள். கேட்க எளிதாக இருக்கிறது. கஷ்டமெல்லாம் ‘முன்கூட்டியே பேசியபடி’ என்ற இரண்டு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

ஏன் சேர வேண்டும்?

முதல் காரணம் அண்ணை சொன்னதுதான். ஒரு ஊரில் கொடுக்கிற ஆட்கள் குறைவு. பழைய மாணவர் சங்கத்துக்குக் கொடுப்பவர்தான் கோயிலுக்கும் கொடுக்கிறார், விளையாட்டுக் கழகத்துக்கும் கொடுக்கிறார். தனித்தனியாகப் போய்க் கேட்கும்போது நாங்கள் புதுக் காசு எதையும் ஊருக்குள் கொண்டுவரவில்லை. ஒருவர் வாய்க்காலில் ஓடிய தண்ணீரை மற்றவர் வாய்க்காலுக்குத் திருப்புகிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் செலவு. மண்டப வாடகை, ஒலி ஒளி, ஜெனரேற்றர், நோட்டீஸ், பாட்டுக்குழு. மூன்று நிகழ்ச்சி வைத்தால் இதெல்லாம் மூன்று முறை. சேர்ந்து வைத்தால் ஒருமுறை. கொடுத்தவரின் ஆயிரம் ரூபாயில் எவ்வளவு கூரைக்குப் போனது, எவ்வளவு ஸ்பீக்கருக்குப் போனது என்று பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

மூன்றாவது, ஒரே ஆளுக்கு ஒரே உதவி மூன்று முறை போவது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்குக் கரையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். ஒரு முகாமுக்கு ஒரே நாளில் இரண்டு லொறி நுளம்பு வலை வரும். அடுத்த முகாமுக்குப் பால்மாப் பெட்டிகூட வராது. காசு சேர்ப்பதற்காக ஒரு மேசையில் இருந்து பேசுகிறவர்கள், அதை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அதே மேசையில் பேச வேண்டி வரும். எனக்குக் கேட்டால் நிதியைவிட இதுதான் பெரிய இலாபம்.

எங்களுக்குப் புதிதல்ல

பிடியரிசி என்ற சொல்லை இப்போதைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. பிறகு ஒருவர் வந்து வீடு வீடாகச் சேர்த்துப் போவார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரும் பள்ளிக்கூடத்தை நடத்தப் பிடியரிசியை நம்பினார். கோயில்கள், பள்ளிக்கூடங்கள் எத்தனையோ அப்படி நின்றிருக்கின்றன. கொடுப்பவருக்கு நோகாத அளவு, கேட்பதில் ஒரு ஒழுங்கு: நிதி சேகரிப்பில் இன்றைக்கும் அதைவிடப் பெரிய பாடமில்லை.

யாழ் பொது நூலகமும் அப்படித்தான். 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கியது பிறகு ஊர்ப் பொதுக் காரியமானது. 1950களின் தொடக்கத்தில் புதுக் கட்டடத்துக்காகக் களியாட்ட விழா வைத்தும் காசு சேர்த்தார்கள். மேயர் சாம் சபாபதியும் பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளாரும் ஒரே காரியத்துக்காக ஒரே மேசையில் இருந்தார்கள். 1959 இல் நூலகம் திறந்தது. மாநகர சபையும் பள்ளிக்கூடமும் தேவாலயமும் வியாபாரிகளும் ஒன்றாகக் காசு கேட்ட கதை எங்கள் பட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது.

வெளியில் இரண்டு உதாரணங்களை மட்டும் சொல்கிறேன். 1887 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் சமயத் தலைவர்கள் சிலர் சேர்ந்து, 22 தொண்டு நிறுவனங்களுக்காக ஒரே சேகரிப்பு நடத்தினார்கள். முதல் வருடம் 21,700 டொலர் சேர்ந்தது. இன்றைக்கு யுனைற்றட் வே என்று பல நாடுகளில் இருக்கும் அமைப்பின் வேர் அதுதான். மற்றது பிரித்தானியாவில் 1963 இல் உருவான பேரிடர் அவசரக் குழு. பெரிய அழிவு வந்தால் முன்னணித் தொண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கேட்காமல், தொலைக்காட்சியில் ஒரே வேண்டுகோள் விடுக்கும். சுனாமிக்கு மட்டும் 392 மில்லியன் பவுண் சேர்ந்தது. சேர்ந்த காசை எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் பேரிடர் வந்த பிறகு கூடி இருந்து வாதாடுவதில்லை. எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு வேலை செய்யும் வலு இருக்கிறது என்று பார்க்கும் ஒரு சூத்திரம் முன்கூட்டியே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

எத்தனை வகை?

மிகச் சிறியது, ஒருவர் நிகழ்ச்சியை மற்றவர் தன் ஆட்களுக்கு அறிவிப்பது. உங்கள் நிகழ்ச்சியின் நோட்டீஸை நாங்கள் எங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், எங்களுடையதை நீங்கள் போடுங்கள். காசு கலக்காது, ஆகவே சண்டையும் வராது. நாள் பிரித்துக்கொள்வதும் இதற்குள் அடங்கும். ஆவணியில் நீங்கள், மார்கழியில் நாங்கள். இதையாவது செய்யாத சங்கங்கள் ஒரே சனிக்கிழமையில் இரண்டு இசை மாலை வைத்து, இரண்டு மண்டபத்திலும் பாதிக் கதிரை காலியாக இருக்கப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கூட்டு நிகழ்ச்சி: நடைபவனி, உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, கூழ், இராப்போசனம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். அதைப் பற்றித்தான் மிச்சக் கட்டுரையில் அதிகம் பேசப்போகிறேன்.

மூன்றாவது, கூட்டு வேண்டுகோள். நிகழ்ச்சி இல்லை, ஒரு நோக்கம் மட்டும்: வெள்ளம், புயல், ஒரு பிள்ளையின் சத்திர சிகிச்சை. ஒரே வங்கிக் கணக்கு இலக்கம், ஒரே அறிவித்தல். வெள்ளம் வந்த நாட்களில் முகநூலில் முப்பது கணக்கு இலக்கம் ஓடும். எது உண்மை, எது போலி என்று தெரியாமல் கொடுக்க வந்தவர் கைபேசியை வைத்துவிடுவார். ஐந்து சங்கம் கையெழுத்துப் போட்ட ஒரே அறிவித்தல் என்றால் நம்பிக்கை வரும்.

நான்காவது, கூட்டு விண்ணப்பம். பெரிய நன்கொடை நிறுவனங்கள் பதிவுச் சான்றிதழ், கணக்காய்வு அறிக்கை, வேலை அனுபவம் என்று கேட்கும். சிறிய மாதர் சங்கத்திடம் இதெல்லாம் இருக்காது. ஆனால் கிராமத்தை அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே வளர்ந்த அமைப்பு ஒன்று முன்னணியில் நின்று விண்ணப்பிக்க, சிறியவை பங்காளிகளாக நிற்கும். நல்ல வழிதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிர்வாகச் செலவுக்கென்று வரும் பங்கு முழுவதும் முன்னணி அமைப்பிடமே நிற்கிறதா, உங்களுக்கும் வருகிறதா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். ‘வேலை உங்களுக்கு, வாகனம் எங்களுக்கு’ என்று முடிந்த கூட்டுகள் வன்னியிலும் உண்டு, குடாநாட்டிலும் உண்டு.

நாங்கள் பிழைவிட்ட கதை

ரொறன்ரோ அண்ணையின் பேச்சு எனக்குச் சுட்டது. அடுத்த வருடம் எங்களோடு வேறு இரண்டு அமைப்புகளைச் சேர்த்து ஓர் இசை மாலை வைத்தோம். மூன்று தலைவர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். “எங்களுக்குள்ளை என்ன பேப்பர்?” என்று சிரித்துக்கொண்டு தொடங்கினோம்.

மண்டபம் நிறைந்தது. காசும் வந்தது. அதோடு சரி. மறுநாள் காலையில் ஓர் அமைப்பு ஒலி ஒளிக்கான சிட்டையைக் கொண்டுவந்தது. நாங்கள் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு. கடைசி நேரத்தில் மேடை விளக்கைக் கூட்டச் சொன்னது யார் என்று யாருக்கும் நினைவில்லை. இரண்டாவது அமைப்பு அறுபது ரிக்கெட்டை அதிதிகளுக்குச் சும்மா கொடுத்திருந்தது, அதுவும் முன் வரிசை. நாங்கள்தான் அதிகம் ரிக்கெட் விற்றோம், ஆனால் மூன்றாகச் சமமாகப் பிரிப்பது என்று யாரோ எப்போதோ சொன்னார்களாம். எங்கள் பிள்ளைகள் வெயிலில் சைக்கிளில் திரிந்து விற்றவர்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

இதற்கிடையில் காசு ஓர் அமைப்பின் வங்கிக் கணக்கில் கிடந்தது. அந்த அமைப்பின் பொதுக்கூட்டம் வந்தது, நிர்வாக சபை மாறியது. புதிதாக வந்த பொருளாளர் நல்ல மனிதர். ஆனால் கூட்டறிக்கைக் கொப்பியில் எங்கள் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. “எந்தக் காசு?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? முன்பள்ளிக் கூரைக்கு ஓடு வாங்க நாங்கள் கார்த்திகை மழை வரை காத்திருந்தோம்.

யாரும் ஒரு சதம் எடுக்கவில்லை என்பது எனக்கு நிச்சயம். மூன்று பேரும் நேர்மையானவர்கள். நேர்மையான ஆட்களுக்குள் வரும் காசுச் சண்டைதான் ஆகக் கசப்பானது, ஏனென்றால் எல்லோரிடமும் நியாயம் இருக்கும்.

ஒரு தாள்

ஆகவே முதல் ரூபாய் வருமுன் ஒரு தாளில் எழுதுங்கள். புரிந்துணர்வு உடன்படிக்கை என்று பெரிய பெயர் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். ஒரு ஏ4 தாள் போதும். மூன்று தலைவர், மூன்று செயலாளர், மூன்று பொருளாளர் கையெழுத்து. ஒவ்வொரு சங்கத்தின் கூட்டறிக்கையிலும் அது ஏற வேண்டும், ஏனென்றால் ஆட்கள் மாறுவார்கள், கொப்பி நிற்கும்.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது பிரிப்பு. மூன்று வழி இருக்கிறது. சமமாகப் பிரிக்கலாம்: எளிது, ஆனால் உழைத்தவருக்கு நோகும். விற்ற ரிக்கெட்டின்படி பிரிக்கலாம்: உழைப்புக்கு மதிப்பு, ஆனால் வெளிநாட்டில் ஆளில்லாத சிறிய சங்கம் எப்போதும் பின்தங்கும். தேவையின்படி பிரிக்கலாம்: கூரையில்லாத முன்பள்ளிக்கு அதிகம், சுவருக்கு வர்ணம் பூசும் சங்கத்துக்குக் குறைவு. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் யாருடைய தேவை பெரியது என்று யார் சொல்வது?

எனக்குப் பிடித்தது கலவை. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று அமைப்புகள் சேர்ந்து 900,000 ரூபாய் சேர்க்கின்றன என்று வையுங்கள். செலவு 210,000. மிச்சம் 690,000. இதில் அறுபது வீதத்தைச் சமமாகப் பிரிப்பது, நாற்பது வீதத்தை விற்ற ரிக்கெட்டின்படி பிரிப்பது என்று முன்பே பேசியிருக்கிறார்கள். அறுபது வீதம் 414,000, ஆளுக்கு 138,000. நாற்பது வீதம் 276,000. முதல் அமைப்பு பாதி ரிக்கெட்டை விற்றது, ஆகவே அதற்கு 138,000. இரண்டாவது முப்பது வீதம் விற்றது, 82,800. மூன்றாவது இருபது வீதம், 55,200. கூட்டிப் பார்த்தால் முதலாவதுக்கு 276,000, இரண்டாவதுக்கு 220,800, மூன்றாவதுக்கு 193,200. ஓடித் திரிந்தவருக்குக் கூட வருகிறது, சின்னச் சங்கமும் வெறுங்கையோடு போகவில்லை. அறுபதுக்கு நாற்பது என்பது வேதமல்ல. எழுபதுக்கு முப்பது என்று வையுங்கள், உங்கள் இஷ்டம். எண் எதுவென்பதைவிட, மண்டபத்துக் கதவு திறக்குமுன் அது தாளில் இருக்கிறதா என்பதுதான் காரியம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் செலவு கழிய வேண்டும், பிறகுதான் பங்கு. எந்தச் செலவு பொதுச் செலவு, அதன் உச்சம் எவ்வளவு, அதற்கு மேல் போனால் யார் அனுமதி கொடுப்பது என்பதை எழுதாவிட்டால் எங்கள் மேடை விளக்கு மாதிரித்தான். இலவச ரிக்கெட்டுக்கும் ஒரு எண்ணிக்கை வையுங்கள். அமைப்புக்கு ஐந்து என்றால் ஐந்து. ஆறாவது ஆளை அழைக்க விரும்பினால் அந்தச் சங்கம் தன் பங்கிலிருந்து காசு கட்டட்டும்.

நட்டம் வந்தால்? இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம். நல்ல காரியம் தொடங்கும்போது ஏன் அபசகுனம் என்பார்கள். வெளியரங்கில் நிகழ்ச்சி வைத்து மாலை ஐந்து மணிக்கு மழை கொட்டினால், பாட்டுக்குழுவுக்குக் கொடுத்த முற்பணம் திரும்பாது. இலாபத்தைப் பிரிக்கும் அதே விகிதத்தில் நட்டத்தையும் சுமப்பது என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது.

காசு எங்கே நிற்பது?

இங்கே ஒரு சட்டச் சிக்கல் உண்டு. எங்கள் அமைப்புகள் ஒரே மாதிரிப் பதிவானவை அல்ல. சனசமூக நிலையம் ஒரு திணைக்களத்தில், கிராம அபிவிருத்திச் சங்கம் இன்னொன்றில். சில அமைப்புகள் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ். வேறு சில 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக. ஆனால் ‘மூன்று சங்கங்களின் கூட்டு’ என்பது எங்கேயும் பதிவில்லாத ஒரு பெயர்தான். அந்தப் பெயரை மட்டும் கொண்டு வங்கிக்குப் போனால் கணக்குத் திறக்க முடியாது.

ஆகவே ஓர் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும். அந்த அமைப்பின் பெயரில், இந்த முயற்சிக்கு மட்டும் தனிக் கணக்கு ஒன்று. வழமையாக எங்கள் சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து வேண்டும். கூட்டுக் கணக்கென்றால் கணக்குக் கூற்றின் பிரதி மாதாமாதம் மற்ற அமைப்புகளுக்கும் போக வேண்டும். காசு பிரித்து முடிக்க வேண்டிய திகதியும் தாளில் இருக்கட்டும். எங்கள் பிழைக்குப் பிறகு நான் இதை முப்பது நாள் என்று எழுதச் சொல்வேன்.

தனியாள் கணக்கு மட்டும் வேண்டாம். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்தால் அந்தக் காசு அவருடைய முதுசமாகிவிடும், பிறகு பிள்ளைகளிடம் போய் நிற்க வேண்டி வரும்.

ரிக்கெட்டை எப்படி அடிப்பது என்பதிலும் ஒரு வித்தை உண்டு. மூன்று அமைப்புக்கும் மூன்று நிறம், தொடர் இலக்கமும் வேறு: மஞ்சள் 1 முதல் 200 வரை, பச்சை 201 முதல் 400 வரை, நீலம் 401 முதல் 600 வரை. வாசலில் நிற்பவர் அடிக்கட்டையைக் கிழித்து மூன்று பெட்டியில் போடுவார். நிகழ்ச்சி முடிந்ததும் யார் எத்தனை விற்றார்கள் என்பதற்குச் சாட்சி தேவையில்லை. விற்காத ரிக்கெட்டும் திரும்பி வர வேண்டும். விற்றதும் இலவசமாகக் கொடுத்ததும் மிஞ்சியதும் கூட்டினால் அடித்த தொகை வரவேண்டும்.

எண்ணும் மேசை இப்படித்தான் இருக்கும். மண்டபத்தின் பின்னறை, மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் தாள் பறக்கும். மூன்று பொருளாளரும் கதவடைத்து இருப்பார்கள். பிஸ்கற் தகரத்தைக் கவிழ்த்து, ஆயிரம், ஐந்நூறு, நூறு என்று பிரித்து, இறப்பர் வளையம் போட்டு, ஒருவர் எண்ண மற்றவர் திரும்ப எண்ண மூன்றாமவர் எழுதுவார். கடைசியில் மூவரும் அந்தத் தாளிலேயே கையெழுத்து. அன்றைக்கே கைபேசியில் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். பசியோடு இருக்கும் ஆட்கள் நூறு ரூபாய்க் கட்டில் இரண்டு முறை பிழைவிடுவார்கள், ஆகவே சாப்பிட்டுவிட்டு எண்ணுங்கள்.

பெயர்ப் பட்டியலும் பதாகையும்

காசுக்கு அடுத்து சண்டை வரும் இடம் கொடுத்தவர்களின் தொலைபேசி இலக்கம். ஒரு சங்கம் இருபது வருடமாகச் சேர்த்த பட்டியல் அது. கூட்டு நிகழ்ச்சிக்காகக் கொடுத்தால், அடுத்த மாதம் மற்றச் சங்கம் தனியாக அவர்களைக் கேட்குமா? நான் சொல்வது: பட்டியலைக் கைமாற்ற வேண்டாம். ஒரே செய்தியை மூன்று சங்கமும் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே அனுப்பட்டும். நிகழ்ச்சிக்கு வந்து புதிதாகக் கொடுத்தவர்களிடம் மட்டும் ‘எந்தச் சங்கம் உங்களோடு தொடர்பில் இருக்கலாம்?’ என்று கேட்டுப் பற்றுச்சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பதாகையில் யாருடைய இலச்சினை முதலில் என்பதற்கு நாங்கள் ஒருமுறை இரண்டு மணித்தியாலம் பேசினோம். இப்போது அகரவரிசை. பெயர் ‘வ’ வில் தொடங்கும் சங்கத்தார் இன்னும் முறுமுறுக்கிறார்கள். அரசியல்வாதிகளை மேடைக்கு அழைப்பதா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு சங்கம் ஒருவரை அழைக்க, மற்றச் சங்கத்து ஆட்கள் வராமல் விட்டதும் உண்டு. என் கருத்து, முன் வரிசையைக் காசு கொடுத்தவர்களுக்கு விட்டுவிடலாம்.

வெளிநாட்டுக் காசு

புலத்திலுள்ள ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கக் கிளையோ அங்கே தொண்டு நிறுவனமாகப் பதிவாகியிருந்தால், அதைப் பங்காளியாகச் சேர்ப்பதில் தனி இலாபம் இருக்கிறது. பிரித்தானியாவில் கிஃப்ட் எயிட் என்று ஒரு முறை உண்டு. அங்கே வரி கட்டும் ஒருவர் பதிவான தொண்டு நிறுவனத்துக்கு 100 பவுண் கொடுத்து, அதற்கான பிரகடனத்திலும் ஒப்பமிட்டால், அந்த நிறுவனம் வரித் திணைக்களத்திடமிருந்து இன்னும் 25 பவுண் கேட்டுப் பெறலாம். அதே 100 பவுணை அவர் தன் மச்சானின் கணக்குக்கு நேரே அனுப்பினால் 100 தான். கனடாவிலும் பதிவான நிறுவனத்துக்குக் கொடுப்பவருக்கு வரிப் பற்றுச்சீட்டு கிடைக்கும்.

ஆனால் அந்த நிறுவனங்களுக்கு அங்கே சட்டக் கடமை உண்டு. காசு சொன்ன காரியத்துக்குத்தான் போனது என்று அவர்கள் காட்ட வேண்டும். அவர்கள் சிட்டை, படம், அறிக்கை என்று கேட்கும்போது எங்கள் ஆட்கள் சிலர் ‘எங்களை நம்பவில்லையா?’ என்று முகம் சுழிப்பார்கள். நம்பிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே அவர்களைக் கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார். அதுபோல இங்கே வங்கியும் வெளிநாட்டிலிருந்து வரும் காசின் நோக்கத்தைக் கேட்கும். கூட்டுத் தாளின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், கேள்வி பாதியாகக் குறையும்.

நாணய மாற்று விகிதத்தையும் மறக்காதீர்கள். 2022 இல் சில மாதத்துக்குள் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை போனது. எந்த நாள் விகிதத்தில் கணக்கெழுதுவது என்பது அப்போது பெரிய விஷயம். வங்கிக்கு வந்த அன்றைய ரூபாய் என்று எழுதிவிட்டால் சரி.

எப்போது சேரக்கூடாது?

எல்லாவற்றுக்கும் கூட்டு மருந்தல்ல. ஒரு சங்கத்தின் கணக்கு இரண்டு வருடமாகக் கணக்காய்வு செய்யப்படாமல் கிடந்தால், அவர்களோடு சேரும்போது அந்தச் சந்தேகமும் உங்கள் தலையில் ஏறும். நோக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாவிட்டாலும் கொடுப்பவர் குழம்புவார். முன்பள்ளிக்கும் முதியோர் இல்லத்துக்கும் சேர்ந்து கேட்கலாம், கேட்பவர் மனதில் ஒரு வீடு தெரியும். முன்பள்ளியையும் கிரிக்கெட் ஆடுகளத்தையும் ஒரே நோட்டீஸில் போட்டால் இரண்டும் எடுபடாது. பெரிய அமைப்போடு சேரும்போது சின்னச் சங்கத்தின் பெயரே காணாமல் போவதும் உண்டு. பதாகையில் எழுத்தின் அளவைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

முதல் தடவைக்கு இரண்டு அமைப்புகள் போதும், ஒரு நாள் காரியம் போதும். நாங்கள் இரண்டாவது முறை அப்படித்தான் தொடங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வளவில் ஒடியற் கூழ். மாதர் சங்கமும் நாங்களும். நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் உறுப்பினர் வீடுகளிலிருந்து பொருளாகவே வந்தன. வந்த பொருளைச் சந்தை விலைக்கு எழுதி, அதையும் அந்தந்தச் சங்கத்தின் பங்களிப்பாகக் கணக்கில் சேர்த்தோம். கூழ் குடிக்கும் பனையோலைப் பிளா ஒன்றுக்கு ஒரு ரிக்கெட். மாதர் சங்கத் தலைவி ரீச்சர் ஒருவர், எண்ணும் மேசையில் என்னைவிடக் கண்டிப்பு. “தம்பி, அந்த இருபது ரூவாயும் எழுதுங்கோ” என்று நின்றார்.

பின்னேரம் நாலு மணிக்குக் கிடாரம் காலி. ஐந்து மணிக்குக் கணக்கு முடிந்தது. செவ்வாய்க்கிழமை வங்கியில் போட்டு, அடுத்த கிழமையே பிரித்தோம். அந்தத் தாளில் பத்து வரி இருந்தது, பத்தும் வேலை செய்தது. மிஞ்சிய இரண்டு கிலோ ஒடியல் மாவை யார் கொண்டுபோவது என்று மட்டும் எழுத மறந்துவிட்டோம். அதற்கு அரை மணித்தியாலம் போனது. இப்போது அது பதினோராவது வரி.